இடது மட்டும்

பெட்டியைப் பிரித்தால் ஒரே ஒரு பூட்ஸ்.
இடது கால், நாற்பத்திரண்டாம் அளவு.
ராணிப்பேட்டை சிப்காட், மே மாதம், பகல் பதினோரு மணி.
நூற்றெட்டு டிகிரி என்று சொல்லிக்கொண்டே
வாட்ச்மேன் ஏழுமலை அதைத் தூக்கி வந்தார்.

நம் லைனில் தைத்ததுதான். நாக்கின் உட்புறம்
குல்ஜார் போட்ட நம்பர் அழியவில்லை.
கணுக்காலிலிருந்து நுனிவரை ஒரு கத்தரி ஓடியிருக்கிறது.
தையலுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல்
அதன் ஓரமாகவே,
நிதானமாக.

இம்தியாஸ் சார் கடிதத்தைத் தமிழில் சொன்னார்:
ஏழாயிரம் மீட்டர். இறங்கும்போது பனிச்சுவர் உடைந்து
கயிறெல்லாம் புதைந்துபோய்
ஒரு வெடிப்பின் உதட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்.
பாதி ராத்திரிவரை விரல்கள் வலித்தன.
பிறகு வலி நின்றது.
நின்றதும் நிம்மதியாக இருந்தது.

அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

நான் கரிகிரியில் ஒன்பது வருஷம்
தொழுநோய்க்காரர்களுக்குச் செருப்பு தைத்தவன்.
வலி நின்ற கால்களை எனக்குத் தெரியும்.
ஆணி ஏறியது தெரியாமல்
காட்பாடி ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்த கால்.
எலி கடித்ததை விடிந்தபின்
பாயைப் பார்த்துத் தெரிந்துகொண்ட கால்.
கொள்ளிக்கட்டையை மிதித்தபடி
குழம்புக்கு உப்பு பார்த்த பூஷணம்மாளின் கால்.
வலி வாசலில் உட்கார்ந்து கத்துகிற ஆள்.
திட்டத்தான் தோன்றும்.
அவன் எழுந்துபோன வீட்டில்தான் திருடு போகும்.

பனி நான் பார்த்தது சோதனை அறை ஃப்ரீசரில்.
மைனஸ் இருபதில் ஒரு மிஷின்
பூட்ஸை நாள்முழுக்க மடக்கி மடக்கி நிமிர்த்தும்.
பனியாறு என்றால் என்ன சார் என்றாள் குல்ஜார்.
ஆறுதான், மேலே நடக்கலாம் என்றார்.
நம்ம பாலாறு மாதிரியா?
யாரும் சிரிக்கவில்லை.
லாரி அள்ளிய பள்ளத்தை
ஒருநாள் வெள்ளம் சேறும் மணலுமாக மூடிவிட்டுப் போகும்.
பார்த்தால் சமதரை.
பந்து எடுக்கப் போன அவள் தம்பி மார்புவரை இறங்கினான்.
மேல்விஷாரத்துப் பெண்கள் நாலு துப்பட்டாவை முடிந்து
இழுத்தார்கள்.
மலைக்காரர்களும் இப்படித்தானாம்,
இடுப்பில் கயிறு, ஒருவர் விழுந்தால் மற்றவர் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பாராவில் விஷயம் இருந்தது.
ஐந்து விரலும் எடுத்தாயிற்று.
வலது பூட்ஸ் நன்றாகவே இருக்கிறது.
இடது மட்டும் ஒன்று வேண்டும்.
அடுத்த வருஷம், அதே மலை.

ஜோடி இல்லாமல் கம்ப்யூட்டர் பில் போடாது என்றது ஆபீஸ்.
கிறுக்கன் என்றார் ஏழுமலை,
பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலையை
வெறுங்காலில் சுற்றுகிறவர்.

நீளத்தைக் குறைக்க முடியாது.
அடியில் கட்டும் முள்சட்டம் பொருந்தாது.
நுனியைக் காலியாக விட்டால்
இறக்கத்தில் கால் முன்னால் ஓடிப் புண்ணாகும்.
ஆக, விரல் இருந்த இடத்தில் மெத்தை,
அடித்தோலில் படகு வளைவு.
கரிகிரியில் கை பழகியதுதான்,
குளிருக்கு இரண்டு அடுக்கு கூட.
மூன்று நாள் ஆனது.
ஓவர்டைம் யாரும் எழுதவில்லை.

ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தேன்:
தினமும் சாயந்திரம் கழற்றிக் கண்ணால் பாருங்கள்.
வலிக்கவில்லை என்றால் நம்பாதீர்கள்.
அந்த உயரத்தில் யார் கழற்றுவார்கள் மாசிலாமணி,
கழற்றினால் வீங்கித் திரும்ப நுழையாதே என்றார் சார்.
வாஸ்தவம்தான்.
சீட்டை எடுத்தேன்.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
திரும்ப வைத்தேன்.

இரண்டுக்கான பெட்டியில் ஒன்று.
ஆடாமல் இருக்க மீதி இடத்தில்
அன்றைய பேப்பரைக் கசக்கித் திணித்தாள் குல்ஜார்.
மேலாக இருந்த பக்கத்தில்
வேலூர் நூற்றொன்பது.